ஃபிட்டர் ஞானமுத்துவும் லாஞ்சின் எண்ணெயும்

ஃபிட்டர் ஞானமுத்து நாசரேத்தில் காலமான செய்தியை லாஞ்சு டிரைவர் மிக்கேல்தான் என் பொறுப்பிலுள்ள சாமான் ஸ்டோர் வாசலில் வந்து சொன்னார். "காலைல மூச்சு நின்னுட்டுதாம், அண்ணாச்சி. நாளைக்கு அடக்கம். போவோமா?" கையிலிருந்த சாமானை அலமாரியில் வைத்த பிறகுதான் "போவோம்" என்றேன். துக்கம் எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே வரும்.

துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களால் அவருடைய சட்டைப்பைக் காந்தத்தை மறக்க முடியாது. எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெயை வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றி, அதற்குள் காந்தத்தை விட்டுப் பார்ப்பார். தூள் ஒட்டினால் இரும்பு தேய்கிறது. ஒட்டாமல் மஞ்சளாக மினுங்கினால் பித்தளை. வெள்ளையாக மினுங்கினால் பேரிங்கின் உள்பூச்சு கரைகிறது. "காந்தம் பொய் சொல்லாது வே. ஆனா கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லும்" என்பார். இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சேர்த்துக்கொண்டது, நான் சொல்லப்போகும் சம்பவத்துக்குப் பிறகு.

யுத்த காலம். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நிற்கும். சரக்குத் தோணிகளை எங்கள் லாஞ்சு, அதாவது விசைப்படகு, இழுத்துப் போகும். மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம், லாஞ்சின் எண்ணெயில் வெள்ளை மினுக்கம் தெரிந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை. "பேரிங் போச்சு. எண்ணெய் இல்லாம ஓட்டியிருக்கான்" என்று எல்லார் முன்பும் ஞானமுத்து சொன்னார்.

"மாதா மேல ஆணையா, ரெண்டு வேளையும் அளவு பாத்தேன், அண்ணாச்சி" என்றார் மிக்கேல். லாஞ்சு முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார். எஞ்சினைக் காயவிட்டவன் என்று பெயர் எடுத்தவரை வேறு எந்த லாஞ்சிலும் ஏற்றமாட்டார்கள். மிக்கேலுக்கு மூன்று பிள்ளைகள்.

எஞ்சினைப் பிரிக்க இரண்டு நாள் ஆனது. பேரிங் அத்தனையும் முழுசாக இருந்தன. ஞானமுத்து அந்த எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தட்டை அசையாமல் வைத்தார். பேரிங் தூள் என்றால் கனத்து அடியில் படியும். இது ஏடு கட்டி மேலேயே மிதந்தது. பிறகு நேராக ஸ்டோருக்குள் வந்து, எண்ணெய் ஊற்றித் தரும் தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடி ஓரத்தில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயிண்ட். திருவிழாவுக்காக ஆண்டுதோறும் லாஞ்சின் புகைக்குழாய்க்கு அடிப்பது. தகரம் கிடைக்காத காலம் என்று, பெயிண்ட் கலக்கிய தகரத்தைக் கழுவி எண்ணெய்க்கு வைத்தவன் நான். நான் கழுவிய லட்சணம் அது. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தகரத்தை வைத்தார்.

முதலாளியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் பாத்தது தப்பு, முதலாளி. அது பெயிண்ட்டு. மண்ணெண்ணெய் விட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. மிக்கேல் மேல குத்தமில்ல, கூப்பிடுங்க." பெயிண்ட் எப்படி எண்ணெய்க்குள் போனது என்று முதலாளி கேட்டார். "பாக்க வேண்டியவன் நான்" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. மிக்கேலைக் கூப்பிட அவரே வீட்டுக்குப் போனார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, வழியில் புதுக்கோட்டை என்ற சின்ன ஊரில் பஸ் நின்ற நேரத்தில், அந்தத் தகரம் நான் கழுவி வைத்தது என்று மிக்கேலிடம் சொன்னேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது.

"அன்னைக்கே தெரியும், அண்ணாச்சி" என்றார். "வீட்டுக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. 'நீயா கேக்காத, அவரா வந்து சொல்லுவாரு'ன்னாரு. போன மாசம் பாக்கப் போனேன்லா, அப்பவும் 'சொல்லிட்டாரா'ன்னு கேட்டாரு."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லிட்டாருன்னேன். சந்தோசப்பட்டாரு."

ஞானமுத்து என்னைப் பற்றிக் கடைசியாகக் காதில் வாங்கியது அந்தப் பொய்யை. அதை நான் உண்மையாக்கியபோது அவரை மண்ணில் வைத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தகுதியில்லாத என் பேரில் அவர் பட்ட அந்தச் சந்தோஷம். அதனால்தான் மிக்கேலிடம் சொன்னதோடு நிற்காமல், அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன்.