கல்யாணக் கூடத்து வௌவால்கள்

1933, சித்திரை ஏழாம் தேதி. முத்திருளனுக்கு வயது இருபத்தொன்பது. அதுவரை நானூறு கூரைகளாவது ஏறி இறங்கியிருப்பார். கோடை வந்துவிட்டால் மதுரையில் அவருக்கு ஓய்வு கிடையாது. மழைக்கு முன் கூரை ஓடுகளைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, மறுபடி வேய்ந்து தர வேண்டும்.

அவர் ஊர், கீழக்குயில்குடிக்கு மேற்கே ஒரு சின்னக் கிராமம். அங்கே கருப்பன் கோயில் ஆலமரத்தில் பெரிய வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். அவை கருப்பனுடைய பிள்ளைகள். தீபாவளிக்குக்கூட ஊரில் வெடி வெடிக்க மாட்டார்கள். எந்த வௌவாலைக் கொன்றாலும் அந்த ஆண்டுப் புரவி எடுப்புத் திருவிழாவில் கொன்றவன் வீட்டுக்கு இடமில்லை. அவ்வாண்டு வைகாசியில் முதல் மண்குதிரையைத் தூக்கும் முறை முத்திருளன் வீட்டுக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அது வரும்.

அன்று அவருக்கு வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில், ஹாலாஸ்யம் என்ற பள்ளி ஆசிரியர் வீட்டில் வேலை. ஆசிரியரின் தங்கை வாலாம்பாளுக்குப் பத்து நாளில் அந்த வீட்டுக் கூடத்திலேயே கல்யாணம். கூடத்து மோட்டிலோ கட்டைவிரல் பருமனில் வௌவால்கள் குடியேறியிருந்தன.

"வௌவால் அடைஞ்ச ஆத்துலயா கல்யாணம்னு சம்பந்தி சொல்லிட்டா மானம் போயிடும். புகையைப் போட்டு எல்லாத்தையும் ஒழிச்சுடுப்பா" என்றார் ஹாலாஸ்யம்.

"கொல்ல மாட்டேன் சாமி. ஒத்த உசுரு போகாம வெளியேத்தித் தாரேன்."

வழி எளிதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் வௌவால்கள் இரை தேடிக் கிளம்பும். கடைசி வௌவால் போனதும் அவை நுழையும் இடுக்கை ஓட்டுச் சில்லாலும் சுண்ணாம்பாலும் அடைத்துவிட வேண்டும். கூட வேலை செய்யும் மைத்துனர் காளை, கலவை குழைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ள, உள்ள குட்டி கிட்டி இருந்தா?"

"நம்ம ஆலமரத்துல பாத்ததில்லயா? தாய் குட்டிய நெஞ்சுல கட்டிக்கிட்டுத்தானப்பா பறக்குது. கலவையக் கொண்டா."

மறுநாள் காலை இருவரும் வந்தபோது ஆசிரியரின் மனைவி விஜயம் வாசலிலேயே நின்றிருந்தார். "முத்திருளா, விடிஞ்சதுலேர்ந்து மேலே கீச்சு கீச்சுங்கறது. போய்ப் பாரு."

ஏறி ஓட்டைத் தூக்கினார். உரித்த கடலைபோல மயிரில்லாத குட்டிகள், கைமரத்தோடு ஒட்டிப் பத்தொன்பது. ஆலமரத்துப் பெரிய வௌவாலின் வழக்கம் வேறு, வீட்டுக் குட்டி வௌவாலின் வழக்கம் வேறு. இது குட்டியை வைத்துவிட்டுத்தான் இரைக்குப் போகும். தாய்களெல்லாம் எதிர்வீட்டு இறவாரத்தில் நெருக்கியடித்துத் தொங்கின.

"மாப்ள, குதிரைய நான் தூக்கிக்கிடவா?" என்று கீழேயிருந்து காளை கேட்டார். முத்திருளன் முந்தின நாள் பூசிய சுண்ணாம்பை உளியால் கொத்தி எடுத்தார். வெயில் படாமல் ஓட்டைத் திரும்ப வைத்து, இடுக்கை மட்டும் திறந்துவிட்டு, முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். பகல் முழுவதும் ஒரு தாயும் வரவில்லை. விஜயம் கொடுத்த மோரை அவர் தொடவில்லை. செத்தால் பத்தொன்பதும் அவர் கணக்கு.

பொழுது சாய்ந்தது. எதிர்வீட்டிலிருந்து ஒன்று கிளம்பி, கூரையை இரண்டு முறை சுற்றி, இடுக்கில் நுழைந்தது. பிறகு இரண்டு. பிறகு கூட்டமாக. மேலே சத்தம் அடங்கியது. மறுநாள் காலை ஓட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார். பத்தொன்பதும் உயிரோடு, தாய் மடியில் இருந்தன. இறங்கி வந்து மோர் கேட்டு வாங்கி இரண்டு செம்பு குடித்தார்.

"இதுக ரெக்கை முளைக்க ஒரு மாசம் ஆகும் சாமி. அதுக்கப்புறம் அடைச்சுத் தாரேன்."

"ஒரு மாசமா! கல்யாணத்துக்கு எட்டு நாள்தான்டா இருக்கு!" ஹாலாஸ்யம் குதித்தார்.

"ஏண்ணா, பிள்ளை பெத்தவளை யாராவது தெருவுல தள்ளுவாளா?" என்றார் விஜயம். "கல்யாணம்னா எப்படியும் மேற்கட்டி உண்டு. இந்தத் தடவை கூடம் முழுக்கக் கட்டிடலாம்."

எட்டு வெள்ளை வேட்டிகளை ஒன்றாகத் தைத்தார்கள். அதை மோட்டுக்குக் கீழே இழுத்துக் கட்டியது முத்திருளனும் காளையும். மாவிலையும் பூச்சரமும் தொங்கவிட்டதும் கூடமே அரண்மனைபோல ஆகிவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள். முகூர்த்தம் முடிந்து மேளம் ஓய்ந்த நேரத்தில் சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார்.

"மேலே என்ன சத்தம்?"

"அவாளும் பொண்ணாத்து மனுஷாதான்" என்றார் விஜயம். சம்பந்தி சிரித்தார். ஹாலாஸ்யத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேற்கட்டியில் சேர்ந்த எச்சத்தைக் காளை மிளகாய்ச் செடிக்கு உரமாகக் கொண்டுபோனார்.

வைகாசி பன்னிரண்டாம் தேதி குட்டிகளும் தாய்களோடு பறந்து போயின. ஓட்டைத் தூக்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே முத்திருளன் இடுக்கை அடைத்தார். மறுநாள் மோட்டில் சத்தமில்லை. மாதக் கடைசியில் முதல் குதிரையையும் அவரே தூக்கினார்.

அந்த மழைக்காலத்துக்குள் மதுரையை ஒட்டிய ஆனையூரிலும் நகரத்திலுமாக நான்கு வீடுகளில் வௌவாலுக்காக அவரைக் கூப்பிட்டார்கள். நான்கிலும் ஓட்டைத் தூக்கிக் குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடைக்க நாள் சொன்னார்.