பூரணிக்கு நான் எழுதிக் கொடுத்த வேலைப் பெயர்

கினிகத்தேனை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருபது வருஷமாகப் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அதில் பதினொரு வருஷம் பூரணி என்னிடம் வேலை பார்த்தாள். இப்போது அவள் என் கடையில் இல்லை. அந்தக் காலத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. மழைக் காலைகளில் ஈரக் குடைகளோடு தேயிலைத் தோட்டத்துச் சனம் வாசலில் நிற்கும். மீராசாஹிப் என்று நான் ஒரு முதலாளி இருப்பதையே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "பூரணிப் புள்ள வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். கடை என்னுடையது, மவுசு அவளுடையது.

அவளை நான் எடுத்தது தட்டச்சுக்கு. ஆனால் அரசாங்கக் கந்தோரிலிருந்து சனத்துக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தால் அவள்தான் வாசித்துத் தமிழில் சொல்வாள், பதிலையும் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பாள். அதை ஒரு வேலையாகவே நான் எண்ணியதில்லை.

போன வருஷம் ஒருநாள், என்னிடம் வேலை பார்த்ததற்குச் சேவைக் கடிதம் கேட்டாள். ஹட்டனில் ஒரு கந்தோருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவள் ஹட்டனுக்குப் போனது கோயிலுக்கு என்று நினைத்திருந்தேன். அம்மணி அங்கே சிங்களத்தில் டிப்ளோமா முடித்திருக்கிறாள்! என்னைப் போல ஏமாளி உண்டா?

'தட்டச்சாளராகப் பணியாற்றினார்' என்று எழுதி நீட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"மொழிபெயர்ப்பாளர்னும் போடுங்க மொதலாளி. அனுபவம் கேக்குறாங்க. அது இல்லாட்டி நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டாங்க."

"டைப் அடிக்கத்தானே உன்ன எடுத்தேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

உண்மையில் எனக்குப் பயம். அந்த ஒரு சொல்லை எழுதினால் அவள் போய்விடுவாள். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவள் மறுபடி கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அது என்னை இன்னும் உறுத்தியது.

வியாழன் காலை, பூரணி வருவதற்கு முன்னால், காளியாயி வந்தாள். தோட்டத்து லய வீட்டில் பிறந்து லயத்திலேயே அறுபது வயதைத் தாண்டியவள். வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி கேட்டு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு வந்த கடிதத்தோடு நின்றாள். சந்தையில் சிங்களம் பேசி வெளுத்து வாங்குகிறவன் நான், இது என்ன பிரமாதம் என்று பிரித்து வாசித்தேன்.

"காணி இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க ஆயி."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்குன்னு ஒரு கதவத் தொறக்காமலே போயிருவேனா?" என்று அழுதாள். 

அப்போதுதான் பூரணி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கடிதத்தை வாங்கி ஒருமுறை வாசித்தாள்.

"அழாதீங்க ஆயி. இல்லன்னு சொல்லல. ஒரு எடத்துல நீங்க கையெழுத்துப் போடல. போட்டு மறுபடி அனுப்பச் சொல்றாங்க."

காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தோடு திரும்பி வந்திருந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். பூரணியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள்.  எனக்கு அப்படி ஒரு வெட்கம்.

காளியாயி போனதும் சொன்னேன்: "அந்தச் சேவைக் கடிதத்தத் திருப்பி டைப் அடி புள்ள. மொழிபெயர்ப்பாளர்னே போடு. கையெழுத்து வைக்கிறேன்."

 அவள் கணினியின் முன் உட்கார்ந்து மளமளவென்று அடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"எந்தத் தேதியிலருந்துன்னு போடட்டும் மொதலாளி?"

"நீ கடைக்கு வந்த மொத நாளையே போடு," என்றேன்.