சூடாக இருந்த பிரேக்

எங்கள் ஊரில் மதியம் சன்னலைத் திறந்தால் சூப் வாசனைக்கு முன்னால் கருகிய பிரேக் வாசனைதான் வரும். ஐஃபல் மலைக்காட்டில் வளைந்து ஏறி இறங்கும் பந்தயப் பாதை என் ரொட்டிக்கடைக்குப் பின்னாலேயே ஓடுகிறது. பக்கத்து வீட்டு லோதர் தேலனுக்கு அந்தப் பாதைதான் சோறு போட்டது. நான்கு கதவு வைத்த வேகக் கார்களை, விற்பனைக்கு வரும் முன்பு, விரட்டிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. அவனிடம் வாயைக் கொடுத்தால் அடுப்பில் ரொட்டி தீய்ந்துவிடும்.

"அன்னெலீஸ், பின்னாடி இறக்கை இருக்கு பாரு, அதைக் காத்து கீழ அமுக்கும். அதனாலதான் வளைவுல வால் தூக்காது."

"என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு மாட்டி விடேன். கடையில ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறார்."

அவன் மனைவி ரோஸ்வித்தா விழுந்து விழுந்து சிரிப்பாள். "கல்யாணத்தன்னிக்கே பிரேக் ஆறட்டும்னு சர்ச் வாசல்ல என்னைக் கார்லயே உக்கார வச்ச மனுஷன் இவர்!"

அவள் சொன்னது எங்கள் ஊர்ப் பழக்கம். வேகமாக ஓட்டிவிட்டு வந்தால் கைப்பிரேக்கைத் தொடக்கூடாது. கொதிக்கிற பிரேக் தட்டில், அதைப் பிடிக்கும் கட்டை ஒட்டிக்கொண்டு தடம் விழுந்துவிடும், பிறகு ஸ்டியரிங் உதறும். எஞ்சினையும் உடனே அணைக்கக்கூடாது. அதனால் கியரை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். பாதையோர மைதானம் சமதளம், அங்கே அது சரி. எங்கள் தெருவோ சரிவு.

அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. லோதர் சாப்பிட வீட்டுக்கு வந்தான், சோதனைக் காரிலேயே. கை தன்பாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. கைப்பிரேக் போடவில்லை. ஒரு விறகுக்கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளிவிட்டு உள்ளே போனான். எஞ்சின் அதிர்வில் ஈரக்கட்டை நழுவியது. கீழே மதிலோரம் ரோஸ்வித்தா குனிந்து செடி நட்டுக்கொண்டிருந்தாள்.

பறக்கிற வேகத்திலும் நினைத்த இடத்தில் நிற்கிற கார் அது. மேடுபள்ளத்தை மனிதன் உணராதபடி விழுங்கும் சஸ்பென்ஷன், காற்றையே வேலை வாங்கும் இறக்கை. எதுவும் உதவவில்லை. ஒருவர் நடக்கிற வேகத்தில் உருண்டு போய் அவளை மதிலோடு வைத்து நசுக்கியது. எனக்கு இன்றும் அந்தக் காரைச் செய்தவர்கள் மேல் ஆத்திரம் வரும். நியாயமில்லாத ஆத்திரம்தான், தெரியும்.

அதற்குப் பிறகு லோதர் எங்கே நிறுத்தினாலும் கைப்பிரேக்கை இழுத்துவிடுவான், தட்டு நெருப்பாகச் சிவந்திருந்தாலும். "இன்னொரு பிரேக் செட்டும் போச்சு, தேலன்!" என்று பொறியாளர்கள் கத்துவார்கள். "போகட்டும்" என்பான். கடைசியில் டயர் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அதைப் பற்றி அவன் வருத்தப்படவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகள் ஸ்வென்யா அவனோடு பேச வேண்டும். பதினேழு வயதுப் பெண். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள், அவன் காரில் ஏறமாட்டாள்.

"திட்டினாக்கூடப் பரவால்ல, அன்னெலீஸ். வாயத் தொறந்தாப் போதும்" என்று என் கடையில் நின்று அழுவான். எனக்கும் அழுகை வரும். ரொட்டியைக் கையில் திணித்து அனுப்பிவிடுவேன், வேறென்ன செய்ய?

ரோஸ்வித்தாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு அவன் வீட்டுக் காரைத் துடைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ஸ்வென்யா அதைத் தாண்டி நடந்தாள். அவனும் காரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நடந்தான். நானும் கூடவே போனேன். சர்ச் வாசலில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் பிரேக் போடல. என் தப்புதான். அதுக்கு என்ன வேணா சொல்லும்மா. பேசாம மட்டும் இருக்காத."

அவள் முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"பிரேக்குக்காக இல்லப்பா. கார் நகர்றத நான் மாடி சன்னல்லேர்ந்து பாத்தேன். கத்திக்கிட்டே இறங்கி ஓடி வந்தேன். நீங்க கூடத்துல போன்ல இறக்கையப் பத்தி யார்கிட்டயோ பேசிட்டிருந்தீங்க. 'அப்பா, அம்மா'ன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்காம, இருன்னு கையக் காட்டினீங்க. நானும் இருந்தேன்ப்பா. நீங்க சொன்னீங்கன்னு நின்னுட்டேன்."

லோதரின் பிடி தளர்ந்தது. ஓராண்டாக இந்தப் பிள்ளை நெஞ்சில் சுமந்தது அவன் குற்றத்தை மட்டுமல்ல.

"அந்த ஆளு என்ன கேட்டான்னுகூட இப்ப ஞாபகமில்லம்மா" என்றான்.

உள்ளே பூசை தொடங்கிவிட்டது. ஸ்வென்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். அவன் வரவில்லை; அன்று அவள் நின்றதுபோல வாசலிலேயே நின்றுவிட்டான்.