அத்தா கோத்த தஸ்பீஹ்

பேரன் தின்றுவிட்டுத் துப்பிய பிளம்ஸ் கொட்டை தட்டில் விழுந்து ஒலித்தது. அந்தச் சத்தத்தில் நான் சின்ன வயதில் இருந்த வில்லியனூர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார். சண்டை முடிந்தும் திரும்பவில்லை. ஒருநாள் சோரியாங்குப்பத்துக்காரர் ஒருவர், தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். ஜெர்மன்காரர்களிடம் அத்தாவோடு கைதியாக இருந்தவராம். மடியிலிருந்து ஒரு தஸ்பீஹை, தொழுகைக்குப் பின் ஓதி எண்ணும் மணிமாலையை, எடுத்து என் கையில் வைத்தார். மணிகள் சொரசொரப்பாக இருந்தன.

“எல்லாம் பழத்துக் கொட்டைம்மா. ஆணியால ஓட்டை போட்டு அவரே கோத்தாரு. வூட்ல சேத்துடுன்னு எங்கிட்ட குடுத்துட்டுத்தான் கண்ண மூடுனாரு.”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா, “புள்ளய நெனச்சாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெனமும் தொழுது முடிச்சதும், பாப்பா பேரச் சொல்லி ஒருவாட்டி கூப்புடுவாரும்மா.”

அம்மா அப்போதுதான் அழுதாள். நான் மணிகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் போய்விட்டாள், அந்த மனிதரும் போய்விட்டார். அத்தா என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டாரா? அதைச் சொல்ல இப்போது யாரும் இல்லை.