பிஸ்டல் தோட்டாவும் பின்னல் ஊசியும்

பெங்களூரில் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் தேவாலயத் திருவிழாவில் ஆண்டுதோறும் ஒரு தமிழ் நாடகம் உண்டு. எழுதுவது நான். துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. அதிலும் சுடுகிற பக்கங்களைத் தாண்டிவிடுவேன்.

இந்த முறை கொலை மர்மம். இன்ஸ்பெக்டராக ஒரு கணக்கு டீச்சர். இதுவரை என் நாடகங்களில் அவருக்குக் கிடைத்தது பிணம், ஊமைப் பணிப்பெண், மறுபடியும் பிணம். இப்போதுதான் முதன்முறையாக வசனம், அதுவும் கொலைகாரனைப் பிடிக்கும் காட்சி. தரையில் சிதறிய காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, அவற்றை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பார்.

ஒத்திகையில் கொலைகாரர் கையைத் தூக்கினார். அவருக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, ஆட்சேபிப்பது தொழில்.

"அண்ணா, ரிவால்வர் காலித் தோட்டாவைத் துப்பாது. உள்ளேயே இருக்கும். பிஸ்டல்தான் துப்பும்."

"அப்ப பிஸ்டலா மாத்திடலாமே?" என்றேன்.

"நோட்டீஸ்ல ரிவால்வர் படம் போட்டாச்சே குரு! இந்த சீனைத் தூக்கிடுங்க, நானே மனசு மாறி சரணடைஞ்சிடறேன். எனக்கு அழுகை நல்லா வரும்."

டீச்சர் வசனத் தாளை மெதுவாக மடித்தார். அதைப் பார்த்தபின் காட்சியைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் இணையத்தில் துப்பாக்கிகளை மேய்ந்தேன். என் மனைவி என்னிடம் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினாள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், நேற்றுவரை தெரியாததைப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவன்போல் விளக்கினேன். ரிவால்வர் தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. உள்ளிருக்கும் நட்சத்திரத் தகடு அந்த விளிம்பைப் பிடித்து, காலியானவற்றை மொத்தமாக வெளியே தள்ளும். பிஸ்டல் தோட்டாவுக்கு அந்த விளிம்பு கிடையாது. பிஸ்டல் தோட்டாவுக்கென்றே செய்த ரிவால்வர்களும் இருக்கின்றன; தோட்டாக்களை ஒரு மெல்லிய எஃகு வளையத்தில் செருகிப் போட்டால், இட்லித் தட்டைத் தூக்குவதுபோல எல்லாம் சேர்ந்து வரும். வளையம் இல்லையென்றால் தகட்டுக்குப் பிடிமானமில்லை. சுடும், காலித் தோட்டா மட்டும் குழியைவிட்டு வராது.

"அப்ப பணியாரம் மாதிரி ஒண்ணொண்ணா குத்தித்தான் எடுக்கணுமா?" என்றார் டீச்சர்.

"முன்பக்கத்துலேர்ந்து குத்தணும்" என்று சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. குத்தும் குச்சி வெடித்த தோட்டாவுக்குள் நுழையும். நுனியில் கரி ஒட்டும்!

காட்சி பிழைத்தது. அப்படியொரு ரிவால்வரை வளையம் இல்லாமல் பயன்படுத்தும் கொலைகாரன், சுட்ட தடயத்தை மறைக்க, வெள்ளைப் பின்னல் ஊசியால் குத்திக் காலி செய்கிறான்.

"நான் ஸ்வெட்டர் பின்னற ஆளா?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"பெங்களூர் குளிருக்கு என்ன வேணா பின்னலாம். சும்னே, பேசாம நில்லுங்க" என்றார் டீச்சர். குரலில் அதற்குள் காக்கி ஏறியிருந்தது.

திருவிழாவன்று டீச்சர் ஊசியை விளக்கொளியில் உயர்த்தி, "இதோட நுனி ஏன் கறுப்பா இருக்கு?" என்று கேட்டதும் மைதானமே எட்டிப் பார்த்தது. கொலைகாரர் அழ வேண்டிய இடம். அவரோ, "விளிம்பில்லாத தோட்டா என்பது..." என்று சபைக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

"மிச்சத்தை ஸ்டேஷன்ல வந்து சொல்லு. நட!"

அப்படியொரு வசனம் தாளில் இல்லை. டீச்சர் காலரைப் பிடித்து அவரை மேடையிலிருந்து இறக்கி, கைதட்டலுக்கு நடுவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசல்வரை நடத்திச் சென்றார். என் நாடகத்தில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கியிருந்தது. யாரும் கேட்கவில்லை.