என் புல்தரையும் அவர் கந்தகமும்

அரிப்புக்கு மரியாதை தெரியாது. முழங்கால் வலி என்றால் நாலு பேர் நடுவில் தேய்த்துவிட்டுக்கொள்ளலாம், ஒரு ஆளாவது பாவம் என்று சொல்லும். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் சுற்றிவர மாலை போட்டாற்போல் தடித்து அரித்தால் அதை யாரிடம் காட்டுவது? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் வலது கை சோற்றிலும் இடது கை முந்தானைக்குள்ளுமாக நான் பட்ட பாட்டைப் பக்கத்து இலைக்கார அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

இத்தனைக்கும் காரணம் நான் ஆசைப்பட்டு வளர்த்த புல்.

என் வீட்டுக்காரர், எம். புதுப்பட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே அவர் வாசம் வந்து நிற்கும். சட்டைக் காலரில் மஞ்சள், காது மடலில் மஞ்சள், எல்லாம் கந்தகம். தீப்பெட்டிக்குள் குடித்தனம் நடத்துவது போல இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முன்வாசல் வழியாக அவர் வரக் கூடாது. பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும்.

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுக் குளிக்கேனே" என்று கெஞ்சுவார்.

"காப்பி எங்கயும் ஓடிப்போயிராது. குளிங்க" என்பேன்.

குளித்து வந்ததும் காதுக்குப் பின்னால் மோந்து பார்ப்பேன். வாசம் மிச்சமிருந்தால் திரும்பவும் குழாயடிதான். "இன்ஸ்பெக்சனுக்கு வார ஆபீசர்கூட இப்படி மோந்து பாக்க மாட்டான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவார்.

போன வருஷத் தீபாவளி சீசனோடு வேலையை விட்டார். சூலக்கரைப் பக்கம், பின்னால் கொஞ்சம் காலி இடம் உள்ள வீடாகப் பார்த்துக் குடிவந்தோம். பால் காய்ச்சின அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனிமேல் இந்த வீட்டு எல்லைக்குள் கந்தகம் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று. அவரும் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

காலி இடத்தைப் பங்கு பிரித்துக்கொண்டோம். அவர் பாதியில் வெண்டையும் மிளகாயும். என் பாதியில் புல். ஏதோ ஒரு ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனபோது வாசலில் பச்சைப் பசேலென்று பார்த்தது, மனசை விட்டுப் போகவில்லை. மனு என்ன ஆனது என்று தெரியாது, புல் மட்டும் வந்து சேர்ந்தது.

"திங்க முடியாத பயிருக்குத் தண்ணி பாய்ச்சுற ஆளு இந்த விருதுநகர்லயே நீ ஒருத்திதான்" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க வெடியையும்தான் யாரும் திங்கல. அதுக்கு ஊரே உழைக்கல?" என்றேன்.

ஐப்பசி மழைக்குக் கரிசல் மண்ணில் புல் கணுக்காலை மறைத்து வளர்ந்துவிட்டது. சாயங்காலமானால் ஒரு நாற்காலியைப் போட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் புல்லில் பதித்துக் காப்பி குடிப்பேன். அந்த நேரம் நான்தான் இந்த ஜில்லாவுக்கே கலெக்டர். பதவி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கணுக்காலில் தொடங்கியது, முழங்கால் மடிப்புக்கு ஏறியது, இடுப்பு நாடாவில் வந்து முகாம் போட்டது.

முதலில் கத்தரிக்காய் மேல் பழியைப் போட்டு நிறுத்தினேன். பிறகு கருவாட்டை நிறுத்தினேன். அரிப்பு நிற்கவில்லை, வீட்டில் ருசிதான் நின்றது. பக்கத்து வீட்டு மதினியிடம் சொன்னேன். அவர்கள் பாய் வீடு, டவுனில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார்கள். பத்துப் பொருத்தம் பார்த்ததுபோல எனக்கு வாய்த்த சிநேகிதி.

"இதுக்கா மதினி இம்புட்டு யோசிக்கீக? எங்க மண்டிக்கு வந்து ஒரு வத்தல் மூட்டை மேல அரை மணி நேரம் உக்காருங்க. அந்த எரிச்சல்ல இந்த அரிப்பு எங்கனன்னு தேடணும்" என்றார்.

சிரித்துக்கொண்டே சொறிந்தேன். சொறிந்துகொண்டே சிரிப்பது எவ்வளவு சுகம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

என்னை எரிய வைத்தது வத்தல் இல்லை, என் வீட்டுக்காரர். அதே மண்ணில் வெறுங்காலோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறார். அவரை ஒரு பூச்சி தொடவில்லை.

"இது வெடிமருந்துல ஊறுன தோலு. பூச்சி வந்து லேசா நக்கிப் பாத்துட்டு, இது பெரிய எடம்னு கும்புடு போட்டுட்டுப் போயிரும்" என்று தொடையைத் தட்டிக் காட்டினார்.

தோல் டாக்டரிடம் போனேன். அந்தம்மா தடிப்பைப் பார்த்த உடனே, "வீட்டுல புல்லு இருக்காம்மா?" என்று கேட்டார். ஏதோ கெட்ட பழக்கத்தை விசாரிப்பது போல இருந்தது. கண்ணுக்கே தெரியாத குட்டிப் பூச்சியாம். புல் நுனியில் காத்திருந்து காலில் ஏறி, துணி இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்குமாம். கடித்துவிட்டு அது போய்விடுமாம், அரிப்பை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டு. "காய்ச்சல் வந்தாலோ, கடிச்ச எடம் கறுப்பாப் பொருக்குத் தட்டினாலோ உடனே வந்துரணும்" என்று சொல்லி, பூசிக்கொள்ள இளஞ்சிவப்புத் தண்ணீரும் தூக்கம் வரவைக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

நான் முகமெல்லாம் தூக்கமும் காலெல்லாம் சிவப்புப் பூச்சுமாகத் திரிவதைப் பார்த்து வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"புல்லைப் பூரா வழிச்சு எறிஞ்சிட்டு பேவர் பிளாக் பதிச்சிருவோம். பளிச்சுனு இருக்கும்."

"என் புல்லுல ஒரு கல்லு விழுந்துச்சு, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

"சொறிஞ்சுக்கிட்டேவா போவ?"

மறுநாளே கல் பதிக்கும் காண்டிராக்டர் டேப்போடு வந்துவிட்டார். என் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து, தவழ்ந்து, மூலைக்கு மூலை அளந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் லோடு இறக்குகிறேன் என்று சொல்லிப் போனார். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல அளவெடுத்துட்டு வந்ததுலருந்து உக்கார முடியல, நிக்க முடியல. வீட்டுல பாயைத் தனியா எடுத்துப் போட்டுட்டாக. இது கொறைஞ்ச பெறகுதான் லோடு."

புல் தனக்காகத் தானே வாதாடி வாய்தா வாங்கிவிட்டது. ஆனால் காண்டிராக்டர் அரிப்பு நின்றால் என் புல் போகும். ஒருத்தர் சீக்கிரம் குணமாகக் கூடாது என்று நான் நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்காரர் துட்டி கேட்க ஒரு சாவு வீட்டுக்குத் தாயில்பட்டி போயிருந்த அன்று, அவர் பாத்தியில் வெண்டைக்காய் முற்றிவிடுமே என்று பறிக்கப் போனேன். நெடுநேரம் உட்கார்ந்தே பறித்தேன். மறுநாள் பார்த்தால் ஒரு புதுத் தடிப்பு இல்லை. அன்று என் நாற்காலியில் கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்தேன், அதற்குள் இடுப்பில் புதுத் தடிப்பு மாலை. திரும்பவும் வெண்டைப் பாத்தி, ஒன்றுமில்லை. அப்போதுதான் மூக்கு விழித்துக்கொண்டது.

நல்ல பழக்கமான வாசம். வெண்டை இலையில் வெள்ளையாகச் சாம்பல் பூத்திருக்கிறது என்று அவர் உரக்கடையில் ஏதோ தூள் வாங்கி வந்து தூவியிருந்தார். மோட்டார் ரூமில், கிழிந்த சாக்குக்கு அடியில் பாக்கெட் இருந்தது. மஞ்சள் தூள். இத்தனை நாளும் தலையாட்டிய மனிதர், எனக்குப் பின்னால் கந்தகத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

சண்டையை ஒத்திவைத்துவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "கந்தகம் அந்தப் பூச்சிக்கு ஆகாதும்மா. ஆனா தோல்ல தேய்க்கக் கூடாது. காலுறை மேல, துணி ஓரத்துல லேசாத் தூவிக்கோங்க. மூஞ்சிகிட்ட கொண்டுபோகாதீங்க. உள்ள வந்ததும் நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிரணும்." பிறகு, "இந்தப் பட்டாசு ஊருப் பக்கத்துல இருந்துக்கிட்டுக் கந்தகத்துக்கு என்கிட்ட வாரீங்களே" என்றார்.

அதன்பிறகு அவர் டீக்கடைக்குப் போகிற சாயங்காலமெல்லாம், அவருடைய பழைய காலுறையை முழங்கால் வரை இழுத்து மாட்டி, காலுறையிலும் சேலை ஓரத்திலும் தூளைத் தூவிக்கொண்டு கலெக்டர் உத்தியோகத்தில் திரும்பவும் சேர்ந்தேன். அவர் வருவதற்குள் குளித்துவிடுவேன். பழைய தடிப்புகள் ஒவ்வொன்றாக வாடின. புதுசாக ஒன்றும் பூக்கவில்லை.

காண்டிராக்டருக்கும் குணமாகிவிட்டது. "நாளைக்கு லோடு வருது" என்று அவர் போன் செய்த அன்று வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போகவில்லை, டவுன் வரைக்கும் போனவர் நேரத்தோடு திரும்பிவிட்டார். நான் காலுறையும் மஞ்சளுமாக நாற்காலியில் இருந்தேன். பின்வாசலில் வந்து நின்றவர் மூக்கை இரண்டு தடவை இழுத்தார்.

"லோடு வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு அரிப்பு நின்னுபோச்சு" என்றேன்.

என் காலைப் பார்த்தார். மோட்டார் ரூமைப் பார்த்தார். போனை எடுத்து, "தம்பி, கல்லு வேண்டாம்யா. வீட்டுல வைத்தியம் கெடைச்சிருச்சு" என்று சொல்லி வைத்தார். ஜெயித்த தெம்பில் எழுந்து படியேறினேன். நிலைக்கு இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை மறித்துக்கொண்டார்.

"அங்கனயே நில்லு. குழாயடியில குளிச்சிட்டு உள்ள வா."

"ஒரு வாய் காப்பி..."

"காப்பி எங்கயும் ஓடிப்போயிராது."

கார்த்திகைக் குளிரில் பல் தந்தியடிக்கக் குளித்துவிட்டு வந்தேன். குனிந்து, என் காதுக்குப் பின்னால் மோந்து பார்த்தார். அவசரமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் வாசம் அடிக்கி. போ, இன்னொரு தடவ."

சோப்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் குழாயடிக்குப் போனேன். பக்கத்தில் என் புல் பச்சையாக அப்படியே இருந்தது.