பெரியப்பாவை மறைத்த நாள்

அப்பாவுக்கு நடுக்கவாதம் என்று தெரிந்ததும் கொள்ளுப்பிட்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனோம். குளிசை எழுதுவதற்கு முன் அவர் கேட்டார்: "குடும்பத்தில ஆருக்கும் சூதாட்டம், குடி, அப்பிடி ஏதும் பழக்கம் இருந்ததோ?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லை, டொக்டர்."

பச்சைப் பொய். அப்பாவின் சொந்த அண்ணன், என் பெரியப்பா, குதிரைப் பந்தயத்தில் வீட்டையே தொலைத்தவர். ஆனால் அப்போது தங்கச்சிக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களில் பாதிப்பேர் வெள்ளவத்தைக் கோயிலில் பார்க்கிற முகங்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரிடம் விசாரிப்பார்களோ, யார் கண்டது?

குளிசை நடுக்கத்தைக் குறைத்தது. மூன்று மாதத்தில் அப்பா லொத்தர்ச் சீட்டு வாங்கத் தொடங்கினார். ஆயுள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவர். லொத்தர் விழுவது எவ்வளவு அபூர்வம் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவர். இப்போது காலி வீதியில் ஒரு லொத்தர் கடையைக்கூட அவரால் கடந்து போக முடியவில்லை. தலையணை உறைக்குள்ளும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் சுரண்டிய துண்டுகள் கிடந்தன. நான் கத்தினேன். "வயசு போன நேரத்தில வெக்கமா இல்லையோ அப்பா? மனசு வச்சா விடேலாதோ?" தலையைக் குனிந்துகொண்டு, "இனி வாங்க மாட்டன்" என்பார். பின்னேரம் சட்டைப்பையில் இரண்டு இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் அம்மாதான் டொக்டரிடம் எல்லாவற்றையும் உடைத்தார், பெரியப்பா கதையையும் சேர்த்து. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். இந்தக் குளிசை மூளையில் சுரக்கும் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைச் செய்கிறதாம். ஏதோ கிடைக்கப்போகிறது என்ற துடிப்பும் அதே டோபமினால்தானாம். சில குடும்பங்களில் அந்தத் துடிப்பு பரம்பரையாகவே கூடுதலாம். "அதுக்குத்தானே முதல் நாளே கேட்டனான்" என்றார். ஏன் கேட்கிறேன் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? காரணம் சொல்லாமல் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் மானத்தைத்தான் காப்பாற்றுவோம். அவரில் கோபம் வந்தது. என்னில் அதைவிட.

குளிசையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். லொத்தர் ஆசை போனது; நடுக்கம் திரும்பி வந்தது. ஒரு காலையில் சட்டைப் பொத்தான்களை நான் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "நீ பொய் சொன்னதில எனக்குக் கோவமில்லை பிள்ளை. நானும் அங்க வாயை மூடிக்கொண்டுதானே இருந்தனான். ஆனா இவ்வளவு மாசமும் நான் ஒரு கூடாத மனுசன் எண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அப்போதும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.